ஒய்பிக்கு மனு எழுதும் முன் ஐசியை எடுத்துப் பாருங்கள்

2021 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறியது. மெத்தையை மேசைமேல் தூக்கிப் போட்டுவிட்டு, வந்த ஆத்திரத்தில் மூன்று பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி எங்கள் ஒய்பிக்கு, அதாவது நாடாளுமன்ற உறுப்பினருக்கு, அனுப்பினேன். லோங்காங் (வாசல் வடிகால்) அடைப்பு, செம்பனைத் தோட்டத்து மண் சரிந்து வருவது, வருடாவருடம் வரும் புகைமூட்டம், அம்மாவின் ஓட்டு இன்னும் பழைய தோட்டத்திலேயே கிடப்பது, எல்லாம் ஒரே கடிதத்தில். அதற்குப் பிறகு ஐந்து மாதம் ஒவ்வொரு கவுண்டராக அலைந்தேன். யார்மேலும் குற்றமில்லை. தப்பான ஆளுக்கு, தப்பான நேரத்தில், கையில் ஓர் ஆதாரமும் இல்லாமல் எழுதியது நான்தான்.

நான் இருப்பது மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், கோலலங்காட் மாவட்டத்தில், நாலு பக்கமும் செம்பனை சூழ்ந்த ஒரு சின்ன டவுன். அதனால் சிலாங்கூரை வைத்தே எழுதுகிறேன். பேராக்கிலோ கெடாவிலோ இருப்பவர்களுக்கு ஆபீஸ் பெயர்கள் கொஞ்சம் மாறும், வழி அதேதான்.

1. முதலில் உங்கள் ஓட்டு எங்கே இருக்கிறது?

ஒய்பியின் சேவை மையத்தில் மனுவைக் கையில் வாங்கியதும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஐசி நம்பர் என்ன?" என்பதுதான். ஐசி என்பது அடையாள அட்டை; நீங்கள் அந்தத் தொகுதி வாக்காளரா என்று பார்க்கத்தான் அந்தக் கேள்வி. வாக்காளர் இல்லையென்றால் மனுவை வாங்க மாட்டார்கள் என்றில்லை. ஆனால், வாக்காளர் கொடுக்கும் காகிதத்துக்கு இருக்கும் எடையே வேறு.

2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தானாகவே வாக்காளராகப் பதிவாகிறார்கள். பாரம் நிரப்ப வேண்டியதில்லை. ஆனால் எந்தத் தொகுதியில் என்பதை முடிவு செய்வது ஐசியில் உள்ள முகவரி. இங்கேதான் தோட்டத்துப் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். பாட்டி வீட்டு முகவரியில் 12 வயதில் ஐசி எடுத்திருப்பார்கள். அந்தத் தோட்டத்தை மூடி, லயத்தை இடித்து, அங்கே வேறு ஏதோ கட்டியிருப்பார்கள். பிள்ளையின் ஓட்டு மட்டும் இன்னும் அங்கேயே குடியிருக்கும்.

தேர்தல் ஆணையத்தின் 'மைஎஸ்பிஆர் செமாக்' தளத்தில் ஐசி எண்ணைத் தட்டினால் உங்கள் சட்டமன்றத் தொகுதியும் நாடாளுமன்றத் தொகுதியும் வந்துவிடும். இரண்டு நிமிட வேலை. வீட்டில் உள்ள எல்லோருடைய எண்ணையும் தட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் நாலு பேர், மூன்று தொகுதி.

முகவரி தப்பாக இருந்தால் இரண்டு வேலைகள் இருக்கின்றன. இரண்டும் வேறு வேறு என்பதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெரும்பாலோர் முதல் வேலையோடு நின்றுவிடுகிறார்கள்.

முதல் வேலை ஜேபிஎன்னில், அதாவது தேசியப் பதிவிலாகாவில். வீடு மாறினால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். நம்மில் யார் தெரிவிக்கிறோம் என்று கேட்காதீர்கள். பழைய ஐசியைக் கொண்டு போங்கள், கூடவே புது முகவரி உள்ள கரண்டு பில்லையோ தண்ணீர் பில்லையோ எடுத்துக்கொள்ளுங்கள். பில் மகன் பெயரில் இருந்தால் மகனுடைய ஐசி நகலும் கையில் இருக்கட்டும். அம்மாவுக்கு நான் கட்டியது 10 வெள்ளி (ரிங்கிட்). ஐசியையே தொலைத்துவிட்டீர்கள் என்றால் அது வேறு கணக்கு, முதல் தடவைக்கே 100 வெள்ளி அபராதம்.

இரண்டாவது வேலை தேர்தல் ஆணையத்தில். ஐசியில் முகவரி மாறியதும் ஓட்டும் தானாக மாறிவிடும் என்று நினைத்து நான் ஒரு வருடம் சும்மா இருந்தேன். மாறாது. 'மைஎஸ்பிஆர் டாஃப்தார்' தளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். போனில் முடியாதவர்கள் ஷா ஆலத்தில் உள்ள மாநிலத் தேர்தல் அலுவலகத்துக்கு நேரில் போகலாம். கட்டணம் இல்லை. விண்ணப்பித்த பெயர் துணை வாக்காளர் பட்டியலில் பொதுப் பார்வைக்கு வைக்கப்படும். எதிர்ப்புக்குக் காலம் விட்டு, அதன் பிறகுதான் அரசிதழில் ஏறும். எங்களுக்கு இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது.

பட்டியல் பார்வைக்கு வைத்திருக்கும் நாள்களில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். அரசிதழில் ஏறிவிட்ட பட்டியலை நீதிமன்றத்தில்கூடக் கேள்வி கேட்க முடியாது. 1958-ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத்தின் 9ஏ பிரிவு அப்படிச் சொல்கிறது. மன்றம் கலைந்துவிட்டது என்று செய்தி வந்த பிறகு ஓடுவதிலும் பயனில்லை. கலைத்த 60 நாளுக்குள் தேர்தல் நடந்துவிடும், உங்கள் மாற்றம் அடுத்த தேர்தலுக்குத்தான் உதவும்.

2. எந்த ஒய்பி?

நான் ஐந்து மாதத்தைத் தொலைத்தது இந்த இடத்தில்தான், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நம் ஊரில் மக்கள் பிரதிநிதிகள் எல்லோரும் 'ஒய்பி'தான். ஆனால் ஷா ஆலத்தில் உட்காரும் சட்டமன்ற உறுப்பினர் வேறு, கோலாலம்பூரில் உட்காரும் நாடாளுமன்ற உறுப்பினர் வேறு. சிலாங்கூரில் சட்டமன்றத் தொகுதி 56, நாடாளுமன்றத் தொகுதி 22. அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை யாருக்கு எது என்று பிரித்துக் கொடுத்திருக்கிறது. நிலம், காடு, ஊராட்சி மூன்றும் மாநிலத்தின் கையில். ஆகவே காட்டை அழிக்கிறார்கள், தோட்ட நிலத்தை மனைப் பிரிவாக மாற்றுகிறார்கள், மேட்டில் மண் போட்டு நிரப்பியதால் தண்ணீர் எங்கள் பக்கம் திரும்புகிறது என்பதெல்லாம் சட்டமன்ற உறுப்பினருக்குப் போக வேண்டியவை.

நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டியவை வேறு. நாடு முழுவதற்குமான சட்டம், கூட்டரசுப் பணத்தில் நடக்கும் பெரிய வெள்ளத் தடுப்புத் திட்டம், தேர்தல் முறை, பருவநிலைச் சட்டம் ஆகியவை அவரிடம். பருவநிலை மாற்றச் சட்டத்தைக் கொண்டுவருவது பற்றி அரசாங்கம் 2024-இல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. எங்கள் டவுனிலிருந்து எத்தனை பேர் எழுதினோம் என்று எனக்குத் தெரியாது. நான் எழுதினேன், என் தங்கையை எழுத வைத்தேன்.

வீட்டு வாசல் லோங்காங், குப்பை, தெருவிளக்கு ஆகியவற்றுக்கு எந்த ஒய்பியும் வேண்டாம். நகராண்மைக் கழகத்தில் உங்கள் வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் இருப்பார். அவரை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, மாநில அரசு நியமித்தது. ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டதோடு சரி. அது திரும்ப வர வேண்டும் என்று நினைத்தால் நாடாளுமன்ற உறுப்பினருக்குத் தனியாக ஒரு கடிதம் போடுங்கள், லோங்காங் மனுவில் அதைச் சேர்க்காதீர்கள்.

ஆறு, பெரிய கால்வாய், கடல் ஏற்றத்தின்போது மூடும் பிந்து ஆயர் (நீர்க்கதவு), அணைக்கரை எல்லாம் ஜேபிஎஸ், அதாவது வடிகால் நீர்ப்பாசன இலாகா. எங்கள் வெள்ளத்துக்குக் காரணம் லோங்காங் என்றுதான் தெருவே சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மாமா தோட்டத்தில் 30 வருடம் டிராக்டர் ஓட்டியவர். அவர்தான் ஒரு நாள் மோட்டாரில் என்னை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார். பிந்து ஆயரின் கதவு ஒன்று துருப்பிடித்துப் பாதி திறந்தபடி நின்றது. கடல் ஏறும் நேரத்தில் தண்ணீர் வெளியே போகாமல் உள்ளே வந்துகொண்டிருந்தது. லோங்காங்கை நூறு தடவை வாரினாலும் வெள்ளம் வந்திருக்கும். ஆகவே மனு எழுதுவதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். ஊரில் பழைய ஆள் ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

இன்னும் தோட்டத்துக்குள்ளேயே குடியிருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அது தனியார் நிலம், நகராண்மைக் கழகத்து லாரி உள்ளே வராது. தொழிலாளர் வீடும் அதன் வடிகாலும் நிர்வாகத்தின் பொறுப்பு. நிர்வாகம் அசையவில்லை என்றால் தொழிலாளர் இலாகாவில், தொழிலாளர் வீட்டு வசதிக்கான 446-ஆம் சட்டத்தின் கீழ் புகார் கொடுக்கலாம். அந்த எண்ணைச் சொல்லிப் பேசினால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

யாரிடம் போவது என்று இன்னும் குழப்பமாக இருந்தால், சிலாங்கூரில் இந்தியச் சமூகத் தலைவர் என்று ஒருவர் பல பகுதிகளில் இருக்கிறார். அவரைக் கேளுங்கள்.

3. ஆதாரம்

படம் எடுக்கும்போது முகத்தை எடுக்காதீர்கள், சுவரை எடுங்கள். தண்ணீர் நின்ற கோட்டின் பக்கத்தில் அளவுநாடாவை வைத்து எடுத்தால், "முழங்கால் அளவு" என்பது "52 சென்டிமீட்டர்" ஆகிவிடும். தேதியும் நேரமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படம் வேண்டாம், அதில் தேதி போய்விடும்.

ஜேபிஎஸ்ஸின் 'பப்ளிக் இன்ஃபோபஞ்சிர்' தளத்தில் ஆற்று மட்டமும் மழை அளவும் கிடைக்கும். வெள்ளம் வந்த அன்றே அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். புகைமூட்டத்துக்குச் சுற்றுச்சூழல் இலாகாவின் காற்றுத் தூய்மைக் குறியீடு இருக்கிறது, எங்கள் மாவட்டத்து பந்திங்கிலேயே அளவு நிலையம் உண்டு. 100-ஐத் தாண்டினால் உடல்நலத்துக்குக் கேடு, 200-ஐத் தாண்டினால் மிகக் கேடு, 300-க்கு மேல் அபாயம். "மூச்சு முட்டுகிறது" என்று எழுதுவதைவிட, எந்தெந்த நாளில் குறியீடு எத்தனை, அன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வெளியே விளையாடினார்களா என்று எழுதுங்கள். எங்கள் பக்கத்துப் புகைக்கு ஒரு காரணம், காய்ந்துபோன கரிமண் நிலத்தில் மண்ணுக்கு அடியில் எரியும் தீ. அது எரியும் இடத்தைச் சொல்ல முடிந்தால் மனுவில் அதையும் குறிப்பிடுங்கள்.

4. மனு எழுதுவது

ஒரு மனுவுக்கு ஒரு விஷயம். ஒரே பக்கம். மலாயில்.

தமிழில் எழுதக் கூடாதா என்று கேட்பீர்கள். எழுதலாம். ஆனால் அந்தக் காகிதம் உங்கள் ஒய்பியோடு நிற்கப் போவதில்லை, அவர் அதை ஜேபிஎஸ்ஸுக்கு அனுப்புவார், அங்கே உள்ள அதிகாரி படிக்க வேண்டும். மலாய் எழுத வராதவர்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லுங்கள், ஐந்தாம் படிவத்துப் பிள்ளைக்கு அதிகாரப்பூர்வக் கடிதம் எழுதத் தெரியும்.

மேலே உங்கள் பெயர், முகவரி, தேதி. அப்புறம் தலைப்பு. "அடுவான்" என்று, அதாவது புகார் என்று தொடங்காதீர்கள். "பெர்மோஹோனான் மெம்பைக்கி பிந்து ஆயர்" (பிந்து ஆயரைப் பழுதுபார்க்க விண்ணப்பம்) என்று, வேண்டும் வேலையைத் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். "பெர்காரா டி ஆத்தாஸ் அடாலா டிருஜுக்" (மேற்கண்ட விஷயம் குறித்து) என்ற வழக்கமான வரிக்குப் பிறகு மூன்று பத்தி போதும்: என்ன நடந்தது, எத்தனை வீடு, என்ன செய்ய வேண்டும். கடைசிப் பத்தியில் ஒரு கேள்வி இருக்கட்டும். "இதை அடுத்த சட்டமன்றக் கூட்டத்தில் கேட்பீர்களா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்று ஏதாவது ஒரு பதில் வந்தாக வேண்டும். "நடவடிக்கை எடுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று முடித்தால் "கவனிக்கப்படும்" என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான்.

அடியில் "சாலினான் கெபாடா" என்று போட்டு, இலாகாவுக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் நகல் அனுப்புங்கள். எல்லோரிடமும் இருக்கிறது என்று தெரிந்தால் யாரும் அடுத்தவரைக் கைகாட்டுவது கொஞ்சம் குறையும்.

கையெழுத்துப் பட்டியல் சேர்ப்பதானால் பெயர், வீட்டு எண், கையெழுத்து போதும். முழு ஐசி எண்ணைத் தெருவில் சுற்றும் காகிதத்தில் எழுத வைக்காதீர்கள். ஐசி நகல் கொடுக்க வேண்டிய இடத்தில் நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காக என்று அதன்மேலேயே எழுதிக் கொடுங்கள்.

5. கொடுப்பது

நேரில் கொடுங்கள். இரண்டு பிரதி கொண்டு போய், ஒன்றில் தேதியோடு 'தெரிமா' (பெற்றுக்கொண்டோம்) என்ற சாப், அதாவது முத்திரை, அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சாப் இல்லாத மனு கொடுக்காத மனு. கோயில் திருவிழா மேடையில் ஒய்பி கையில் கொடுத்துப் படமெடுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். படம் இருக்கிறது, மனுவைக் காணோம். உதவியாளருக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புவதும் அப்படித்தான்.

மக்களவை திங்கள் முதல் வியாழன் வரை கூடும். கூட்டத்தொடர் நடக்கும் வாரங்களில் நாடாளுமன்ற உறுப்பினரைச் சந்திக்க வேண்டுமானால் வெள்ளிக்கிழமையோ வார இறுதியோ கேளுங்கள். வெள்ளிக்கிழமை அரசாங்க ஆபீசுக்குப் போவதானால் பன்னிரண்டுக்கு முன்பே போய்விடுங்கள், மதியம் மூன்று மணி நெருங்கும் வரை கவுண்டர் திறக்காது. இரண்டு, மூன்று பேர் போனால் போதும். கூட்டமாகத் திரண்டு போவது வேறு விஷயம், அதற்குப் போலீசுக்கு முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும்.

எனக்கு ஆன செலவு: போட்டோஸ்டெட், படங்களைக் கலரில் அச்சடித்தது, மோட்டாருக்கு எண்ணெய், எல்லாம் சேர்த்து 30 வெள்ளிக்குள். உண்மையான செலவு இரண்டு நாள் விடுப்பு. தோட்ட ஆபீசில் கிராணி வேலை பார்க்கும் எனக்கு விடுப்பு கிடைத்தது. நாள் சம்பளக்காரர்களுக்கு அது முடியாது, அதனால் தெருவில் ஒருவரை எல்லோருக்குமாகப் போகச் சொல்லி, அவருடைய ஒரு நாள் சம்பளத்தை மற்றவர்கள் பங்கு போட்டுக் கொடுப்பது நல்லது. எங்கள் தெருவில் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

6. எப்போது?

வெள்ளம் வந்த மறுநாள் எழுதத் தோன்றும். அன்று நிவாரண உதவிக்கு மட்டும் மாவட்ட அலுவலகத்தில் பதியுங்கள், படங்களைச் சேர்த்து வையுங்கள். பிந்து ஆயர், கால்வாய் அகலப்படுத்துவது போன்ற பணம் பிடிக்கும் வேலைக்கான மனு ஜூன், ஜூலையில் போக வேண்டும். கூட்டரசு பட்ஜெட் அக்டோபரில் தாக்கலாகிறது, சிலாங்கூர் பட்ஜெட் பெரும்பாலும் நவம்பரில். அதற்கு முன்பே இலாகாக்கள் தங்கள் பட்டியலை அனுப்பிவிடும். நான் ஜனவரியில் கொடுத்தேன். அந்த வருடத்துப் பணம் ஏற்கெனவே எழுதி முடிந்திருந்தது. ஒய்பிக்குத் தொகுதிக்கென்று ஒதுக்கும் சின்னத் தொகையும் வருடக் கடைசியில் காலியாகத்தான் இருக்கும்.

7. முப்பது நாள் ஜன்னல்கள்

சில விஷயங்களில் நீங்கள் நினைத்தபோது எழுத முடியாது. அறிவிப்பு வரும், நாள் குறித்திருப்பார்கள், அதற்குள் எழுத வேண்டும்.

காடு ஒன்று. சிலாங்கூரில் வனக் காப்பகம் எதையும் பட்டியலிலிருந்து எடுப்பதற்கு முன் பொதுமக்களைக் கேட்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 2020 பிப்ரவரியில், நம் மாவட்டத்து வட கோலலங்காட் வனக் காப்பகத்தில் ஏறக்குறைய 931 ஹெக்டரை நீக்கப் போவதாக நாளிதழில் அறிவிப்பு வந்தது, எதிர்ப்புத் தெரிவிக்க 30 நாள். கரிமண் காடு அது, ஓரத்தில் தெமுவான் பழங்குடி மக்களின் கிராமங்கள். ஆயிரக்கணக்கில் எதிர்ப்புக் கடிதங்கள் போயின. நடுவில் ஒரு பகுதியை நீக்கியும்விட்டார்கள், கடைசியில் 2021 செப்டம்பரில் மந்திரி பெசார் (மாநில முதல்வர்) அந்த முடிவைக் கைவிடுவதாக அறிவித்தார். காட்டுக்கு அரை மணி நேரத் தூரத்தில் இருந்த நான் அந்த அறிவிப்பைப் பார்க்கவே இல்லை. மலாய் நாளிதழின் விளம்பரப் பக்கத்தை இப்போது வாரம் ஒரு தடவையாவது புரட்டுகிறேன்.

இன்னொன்று தொகுதி எல்லை. தீபகற்பத்தில் எல்லை கடைசியாகத் திருத்தப்பட்டது 2018-இல். இரண்டு திருத்தங்களுக்கு இடையே குறைந்தது எட்டு வருடம் இருக்க வேண்டும் என்பது விதி, ஆகவே அடுத்ததற்கான காலம் 2026-இலிருந்து தொடங்குகிறது. நம் மாநிலத்து பாங்கி தொகுதியில் 2022 தேர்தலில் மூன்று லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள், நாட்டின் வேறு சில தொகுதிகளில் ஐம்பதாயிரம்கூட இல்லை. எங்கள் தோட்டத்தை இரண்டாக வெட்டி இரண்டு தொகுதியில் போடுகிறார்கள் என்று தெரிந்தால் தனியாளாக எதிர்க்க முடியாது. ஒரே தொகுதியைச் சேர்ந்த 100 வாக்காளர்கள் ஒன்றாகக் கையெழுத்திட வேண்டும், பரிந்துரை வெளியான ஒரு மாதத்துக்குள். அதன் பிறகு நேரில் விசாரணை நடக்கும். இந்த நூறு பேரின் ஓட்டும் அந்தத் தொகுதியில் பதிவாகியிருக்க வேண்டும். முதல் படியை ஏன் முதலில் வைத்தேன் என்று இப்போது புரியும். ஒரு மாதத்தில் கையெழுத்து வாங்கலாம், ஓட்டை மாற்ற முடியாது.

8. பதில் வராவிட்டால்

இரண்டு வாரம் பொறுத்து, சாப் அடித்த பிரதியோடு போய்க் கேளுங்கள். ஒரு மாதம் ஆனால் இலாகாவின் இணையப் புகார் முறையில் பதிந்து ஓர் எண் வாங்குங்கள், அடுத்த கடிதத்தில் அந்த எண்ணைத் தலைப்புக்குக் கீழே போடுங்கள். ஒய்பி மன்றத்தில் கேட்டதாகச் சொன்னால் தேதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மக்களவைப் பேச்சுகள் முழுதும் நாடாளுமன்றத் தளத்தில் கிடைக்கும், ஊர்ப் பெயரைத் தட்டித் தேடிப் பார்க்கலாம். கேட்டிருந்தால் நன்றி சொல்லி ஒரு வரி எழுதுங்கள், அடுத்த மனுவுக்கு அது உதவும்.

எங்கள் பிந்து ஆயரின் கதவை இரண்டாவது மனுவுக்குப் பிறகு மாற்றினார்கள். அடுத்த பக்கத்துக் கதவிலும் துரு ஏறியிருக்கிறது என்று மாமா போன வாரம் சொன்னார். அளவுநாடாவை எடுத்து வைத்திருக்கிறேன், ஜூன் வரட்டும்.